டூலா என்றால் யார்? பிரசவ அறையில் ஒருவர் கூடவே இருந்தால் என்ன மாறும்?

லேபர் வார்டு கதவு மூடிவிட்டால், வலியில் இருக்கும் பெண் உள்ளே. அம்மா, மாமியார், கணவர் எல்லாரும் வெளியே. நர்ஸ் எட்டிப் பார்த்து "இன்னும் ரெண்டு விரல்தான் திறந்திருக்கு, டைம் ஆகும்" என்று சொல்வதுதான் வெளியே இருப்பவர்களுக்குக் கிடைக்கும் தகவல். உள்ளே இருப்பவருக்குச் சில நேரம் அதுவும் கிடைப்பதில்லை. தலைப்பிரசவம் என்றால் வலி நன்றாகப் பிடித்த பிறகும் 12 மணி நேரம் வரை ஆகலாம்.

அந்த நேரம் முழுக்க, பக்கத்தை விட்டு நகராமல் கூடவே இருப்பவர்தான் 'டூலா'. சென்னை, கோவை போன்ற நகரங்களில் கர்ப்பிணிகள் மத்தியில் இந்தப் பெயர் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. 'காசு இருக்கிறவங்க வெச்சுக்கிற ஆடம்பரம்' என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பிரசவத்தின்போது ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் வாய்ப்பு அரசு மருத்துவமனைகளிலும் உண்டு, அதுவும் செலவில்லாமல். அது பல குடும்பங்களுக்குத் தெரியாது என்பதுதான் பிரச்னை.

பெயர் புதுசு, வேலை பழசு

'டூலா' என்பது கிரேக்க மொழிச் சொல். பணிப்பெண், அடிமைப்பெண் என்பது அதன் பழைய பொருள். அதனாலேயே இந்தப் பெயர் பிடிக்காதவர்களும் உண்டு. அமெரிக்க மானுடவியலாளர் டேனா ரஃபேல் 1973-ல் வெளியான தனது புத்தகத்தில், பிரசவமான தாய்க்குத் துணையாக இருந்து தாய்ப்பால் கொடுக்க உதவும் பெண்ணைக் குறிக்க இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். பிறகு மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் என்ற குழந்தை மருத்துவர்கள் இருவர் அதைப் பிரசவ அறைக்குக் கொண்டுவந்தார்கள். 1992-ல் டூலாக்களுக்குப் பயிற்சி தரும் அமைப்பு ஒன்றை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கியதும் இவர்கள்தான்.

நம்ம ஊரில் வீட்டில் பிரசவம் நடந்த காலத்தில் மருத்துவச்சி மட்டும் இருந்ததில்லை. அம்மா, அத்தை, நாலு பிள்ளை பெற்ற பக்கத்து வீட்டுக்காரம்மா என்று யாராவது ஒருவர் பின்னால் உட்கார்ந்து தோளைத் தாங்கிப் பிடித்திருப்பார். "அவ்வளவுதான்டி, முடியப் போகுது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பிரசவம் மருத்துவமனைக்கு மாறியது தாய்க்கும் சேய்க்கும் மிகப்பெரிய பாதுகாப்பு. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. மருத்துவச்சியின் இடத்துக்கு டாக்டரும் நர்ஸும் வந்துவிட்டார்கள். தோளைத் தாங்கிப் பிடித்தவரின் இடத்துக்குத்தான் யாரும் வரவில்லை. அவர் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

டாக்டருக்கோ நர்ஸுக்கோ மாற்று அல்ல

இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டூலா பிரசவம் பார்ப்பவர் அல்ல. கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பரிசோதிக்க மாட்டார். பிபி பார்ப்பது, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பது, மருந்து கொடுப்பது, ஊசி போடுவது எதுவும் அவர் வேலை இல்லை. சிசேரியன் தேவையா இல்லையா என்று முடிவு சொல்லவும் மாட்டார்.

மிட்வைஃப் வேறு, டூலா வேறு. மிட்வைஃப் என்பவர் மருத்துவப் பயிற்சி பெற்றவர். மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நர்ஸ்களுக்கு 18 மாதக் கூடுதல் பயிற்சி கொடுத்து மிட்வைஃப்களை உருவாக்கும் திட்டம் இருக்கிறது. டூலாவுக்கு அப்படி எதுவும் இல்லை. அவர் பெற்றிருப்பது துணையாக இருப்பதற்கான பயிற்சி மட்டுமே.

இந்த வித்தியாசத்தை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் இளம்பெண் ஒருவர் உயிரிழந்தது பலருக்கும் நினைவிருக்கும். 'இயற்கைப் பிரசவம்' என்ற பெயரில் மருத்துவமனையைத் தவிர்ப்பதும், மருத்துவமனைக்குள் டூலாவோடு போவதும் எதிரெதிர் திசைகள். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காவிட்டால் தேவைப்படுவது மருந்தும் ரத்தமும் டாக்டரும்தான். எவ்வளவு அன்பான துணையாலும் அதைச் செய்ய முடியாது.

அப்போ என்னதான் செய்வார்?

கர்ப்ப காலத்தின் கடைசி மாதங்களில் டூலா உங்களை இரண்டு மூன்று முறை சந்திப்பார். எதற்குப் பயப்படுகிறீர்கள், முந்தைய பிரசவம் எப்படி இருந்தது, வலி குறைக்க எபிடூரல் வேண்டுமா வேண்டாமா, யார் பக்கத்தில் இருந்தால் உங்களுக்கு நிம்மதி என்றெல்லாம் கேட்டு வைத்துக்கொள்வார். வலி வந்ததும் போன் போட்டால் வந்துவிடுவார். அதிலிருந்து குழந்தை பிறந்து முதல் பால் குடிக்கும் வரை கூடவே இருப்பார். 'கூடவே' என்பதுதான் இதில் முக்கியமான வார்த்தை. நர்ஸுக்கு ஒரே நேரத்தில் நாலைந்து பேரைப் பார்க்க வேண்டியிருக்கும், ஷிப்ட் மாறும். டூலாவுக்கு நீங்கள் ஒருவர்தான்.

செய்வது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். வலி வரும்போது இடுப்புக்குக் கீழே முதுகில் உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பிடிப்பார். குழந்தையின் பின்தலை தாயின் முதுகுப் பக்கம் இருந்தால் முதுகுவலி பயங்கரமாக இருக்கும், அப்போது இந்த அழுத்தம் கொடுக்கும் ஆறுதல் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வலிக்கும் வலிக்கும் இடையே தண்ணீரோ இளநீரோ டாக்டர் அனுமதித்த அளவில் ஒரு வாய் கொடுப்பார். ஈரத்துணியால் முகம் துடைப்பார். மூச்சை அடக்காமல் மெதுவாக வெளியே விடச் சொல்லி, தானும் கூடவே மூச்சு விடுவார். படுத்தே கிடக்காமல் நடக்க, ஒருக்களித்துப் படுக்க, கட்டிலைப் பிடித்துக் குனிந்து நிற்க உதவுவார். சாதாரணமாகப் போகும் பிரசவத்தில் நடமாடுவதையும் நிமிர்ந்த நிலையில் இருப்பதையும் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது.

அதைவிடப் பெரிய உதவி, என்ன நடக்கிறது என்று புரியவைப்பது. ட்ரிப்ஸில் மருந்து ஏற்றினால், அது வலியை அதிகப்படுத்தும் மருந்தா, வெறும் குளுக்கோஸா என்று பல பெண்களுக்குத் தெரியாது. கேட்கத் தயக்கம். டூலா "இது எதுக்குன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கலாமா?" என்று நினைவூட்டுவார். உங்களுக்குப் பதிலாக அவர் டாக்டரோடு பேச மாட்டார், நீங்கள் பேச இடம் ஏற்படுத்திக் கொடுப்பார். சண்டை போடும் டூலா நல்ல டூலா அல்ல.

சிசேரியன் என்று முடிவானால் அவர் வேலை முடிந்துவிடாது. 'நம்மால முடியல' என்று உடைந்துபோகும் பெண்ணுக்கு அந்த நேரத்தில்தான் ஆள் வேண்டும். எபிடூரல் போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே கதைதான். வலி இல்லாவிட்டாலும் பயம் இருக்கும்.

பயத்துக்கும் பிரசவத்துக்கும் என்ன தொடர்பு?

கர்ப்பப்பை சுருங்கி விரிய வைப்பது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற உணர்வு இருந்தால் அது தடையில்லாமல் சுரக்கும். பயந்தால் உடம்பில் அட்ரினலின் அதிகமாகும். ஓடவோ சண்டை போடவோ உடம்பைத் தயார்ப்படுத்தும் ஹார்மோன் அது. அதிகமாகச் சுரந்தால் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தம் குறையும், சுருக்கங்களும் மந்தமாகும். வலி இருக்கும், ஆனால் பிரசவம் நகராது. வீட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்த வலி, மருத்துவமனை வாசலில் கால் வைத்ததும் காணாமல் போவதைப் பலர் பார்த்திருப்பார்கள். 'பொய் வலி', 'சூட்டு வலி' என்று சொல்லிச் சீரகக் கசாயம் கொடுப்போம். எல்லாமே பொய் வலி அல்ல; சில நேரம் அது பயந்துபோன உடம்பு.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இதற்கு முதல் வலுவான ஆதாரம் வந்தது குவாத்தமாலாவிலிருந்து. கிளாஸ், கென்னல் உள்ளிட்ட குழுவினர் அங்குள்ள மருத்துவமனையில் நடத்திய ஆய்வு 1980-ல் வெளியானது. அதுவரை அறிமுகமே இல்லாத, மருத்துவப் பயிற்சி எதுவும் இல்லாத பெண் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து, முதுகைத் தடவி, பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். சிக்கல் இல்லாத பிரசவங்களில், துணை இருந்தவர்களுக்கு மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கச் சராசரியாக 9 மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆனது. துணை இல்லாதவர்களுக்கு 19.3 மணி நேரம். மிகச் சிறிய ஆய்வு என்பதால் இந்த இடைவெளியை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது.

அடுத்து அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்த ஆய்வு 1991-ல் வெளியானது. டூலா இருந்தவர்களில் 8 சதவீதம் பேருக்கு சிசேரியன், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 18 சதவீதம். இதில் மூன்றாவதாக ஒரு குழுவும் இருந்தது. அந்த அறையில் ஒரு பெண் சும்மா உட்கார்ந்து குறிப்பு மட்டும் எழுதிக்கொண்டிருந்தார், பேசவில்லை, தொடவில்லை. அந்தக் குழுவில் சிசேரியன் 13 சதவீதம். ஓர் ஆள் வெறுமனே அறையில் இருந்தபோதே எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்பதுதான் இந்த ஆய்வில் யோசிக்க வைக்கும் இடம்.

இதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு 2017-ல் வந்தது. 17 நாடுகள், 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள். தொடர்ச்சியான துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவ வாய்ப்பு கொஞ்சம் கூடியது, சிசேரியன் வாய்ப்பு சுமார் கால் பங்கு குறைந்தது, பிரசவ நேரம் சராசரியாக 40 நிமிடம் குறைந்தது. பிரசவத்தைக் கசப்பான அனுபவமாக நினைப்பவர்களும் குறைந்தார்கள். தாய்க்கோ குழந்தைக்கோ கெடுதல் எதுவும் தெரியவில்லை. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை என்பதால் சான்றின் தரம் குறைவுதான் என்று அதை எழுதியவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

வேறு மாதிரி முடிவும் உண்டு. அமெரிக்கா, கனடாவில் 13 மருத்துவமனைகளில் 6,915 பெண்களிடம் நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. அங்கே துணையாக இருந்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸ்கள். சிசேரியன் விகிதத்தில் வித்தியாசமே இல்லை: 12.5 சதவீதம், 12.6 சதவீதம். மருத்துவமனை ஊழியராகவும் இல்லாமல், உறவினராகவும் இல்லாமல் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தபோதுதான் சிசேரியன் குறைவது கூடுதலாகத் தெரிகிறது. அம்மா, அக்கா, கணவர் போன்றவர்கள் இருந்தபோது பெண்களின் மனத்திருப்தி கூடுகிறது.

இதை வைத்து 'டூலா வெச்சா சிசேரியன் கிடையாது' என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீங்க. தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியாரில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம் என்கிறது அதே குடும்பநல ஆய்வு. அதில் ஒரு பகுதி, வலி வருவதற்கு முன்பே நாள் குறித்துச் செய்யப்படுபவை. அங்கே டூலாவால் என்ன செய்ய முடியும்?

அரசு மருத்துவமனையில் துணைக்கு ஆள் உண்டு

அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு துணையை அனுமதிக்கும் திட்டத்தை 2004-லேயே கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. மத்திய சுகாதார அமைச்சகம் 2016 பிப்ரவரியில் நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளுக்கு இதை அறிவித்தது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'லக்‌ஷ்யா' திட்டத்திலும் இது இடம்பெற்றிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளிலும், பெண் தானே தேர்ந்தெடுக்கும் துணை வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. பிரேசிலில் 2005 முதல் இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

மத்திய அரசின் விதிமுறைகள் எளிமையானவை. துணைக்கு வருபவர் உறவுக்காரப் பெண்ணாக, தானும் பிரசவ அனுபவம் உள்ளவராக இருப்பது நல்லது. தொற்றுநோய் இருக்கக் கூடாது. சுத்தமான உடை அணிந்திருக்க வேண்டும். பிரசவம் முடியும் வரை இருக்கத் தயாராக இருக்க வேண்டும். டாக்டர், நர்ஸ் வேலையில் குறுக்கிடக் கூடாது, அறையில் இருக்கும் மற்றப் பெண்களுக்கு உதவப் போகக் கூடாது.

கணவர் வரலாமா? மறைவுக்கு வசதி உள்ள இடங்களில் அனுமதிக்கலாம் என்கிறது அதே அறிவிப்பு. நம் அரசு மருத்துவமனைகளில் பல இடங்களில் ஒரே அறையில் வரிசையாகக் கட்டில்கள் இருக்கும், பக்கத்தில் இன்னொரு பெண் இருப்பார். அதனால் ஆண்களை விடுவதில்லை. அந்தப் பெண்ணின் இடத்திலிருந்து பார்த்தால் இது நியாயமானதுதான். அதற்காகப் பெண் துணையும் வேண்டாம் என்று சொல்வதற்கு அதைக் காரணமாகக் காட்ட முடியாது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? கூட்டம் அதிகமான நாட்களில் "எல்லாரும் வெளியே போங்க" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடுகிறது. வலியில் துடிக்கும் நேரத்தில் யாரும் விதிமுறை பேச முடியாது. அதனால் செக்கப்புக்குப் போகும்போதே, ஏழாவது எட்டாவது மாதத்தில், "பிரசவ நேரத்துல துணைக்கு யாரை விடுவீங்க?" என்று கேட்டு வைப்பது நல்லது.

தனியார் மருத்துவமனைகளில் பொதுவான விதி கிடையாது. சில இடங்களில் கணவரை விடுகிறார்கள், சில இடங்களில் கணவர் அல்லது டூலா, யாராவது ஒருவர்தான். இன்னும் சில இடங்களில் யாருக்குமே அனுமதி இல்லை. ஒன்பதாவது மாதம் டூலாவுக்கு முன்பணம் கொடுத்த பிறகு, 'எங்க லேபர் ரூமுக்குள்ள விட மாட்டோம்' என்று மருத்துவமனை சொன்னால் என்ன செய்வீர்கள்? முதலில் மருத்துவமனையிடம் கேட்டுவிட்டு அப்புறம் டூலாவைத் தேடுங்கள்.

டூலாவைத் தேர்ந்தெடுக்கும்போது

இந்தியாவில் டூலாக்களுக்கு அரசு உரிமமோ பதிவு முறையோ இல்லை. சில நாள் வகுப்பு முடித்தவரும், பல ஆண்டு அனுபவம் உள்ளவரும் ஒரே பெயரில்தான் அழைக்கப்படுகிறார்கள். அதனால் எங்கே பயிற்சி எடுத்தார், எத்தனை பிரசவங்களில் இருந்திருக்கிறார், அதே நாளில் இன்னொருவருக்கும் வலி வந்தால் மாற்று ஆள் யார், கட்டணத்தில் எத்தனை சந்திப்புகள் அடங்கும், சிசேரியன் ஆனால் கட்டணம் எப்படி என்பதையெல்லாம் நேரடியாகக் கேளுங்கள்.

ஸ்கேன் வேண்டாம், தடுப்பூசி வேண்டாம், டாக்டர் சொல்வதைக் கேட்காதீங்க, வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்றெல்லாம் பேசுபவராக இருந்தால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்வது உத்தமம். ரத்தக் கசிவு, கடும் தலைவலியோடு கண் மங்கல், வலிப்பு, பனிக்குட நீர் பச்சையாக வருவது, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது தெரிந்தாலும் டூலாவுக்குப் போன் போட்டு ஆலோசனை கேட்க நேரமில்லை. உடனே மருத்துவமனைதான், தேவைப்பட்டால் 108.

டூலா கிடைக்காவிட்டால்?

பெரும்பாலான குடும்பங்களின் நிலை இதுதான். நம்ம வழக்கப்படி தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வந்திருப்பார், அம்மாதான் கூடப் போவார். ஆனால் அம்மாவே துணைக்குச் சரியான ஆள் என்று முடிவு கட்ட வேண்டாம். மகள் வலியில் கத்துவதைப் பார்த்து அம்மா அழ ஆரம்பித்தால், மகள்தான் அம்மாவைத் தேற்ற வேண்டியிருக்கும். நிதானமான சித்தியோ, அக்காவோ, அண்ணியோ இருந்தால் அவரே போகலாம். யார் வரணும் என்று முடிவு பண்ண வேண்டியவர் கர்ப்பிணிதான், மாமியாரோ நாத்தனாரோ அல்ல.

போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. முன்கூட்டியே ஒரு தடவை செக்கப்புக்குக் கூடப் போய், லேபர் வார்டு எங்கே, கழிவறை எங்கே என்று பார்த்து வைக்கலாம். முதுகில் எங்கே அழுத்தினால் இதமாக இருக்கிறது என்று வீட்டிலேயே பழகிப் பார்க்கலாம். உள்ளே போன பிறகு, "கத்தாதே", "பக்கத்துல இருக்கிறவ எப்படி சும்மா இருக்கா பாரு" என்ற பேச்சு மட்டும் வேண்டாம். ஒவ்வொரு வலி முடியும்போதும் "ஒண்ணு முடிஞ்சிடுச்சு" என்று சொல்லலாம். டாக்டரோ நர்ஸோ சொல்லாமல் "முக்கு, முக்கு" என்று அவசரப்படுத்தக் கூடாது. கர்ப்பப்பை வாய் முழுசாகத் திறப்பதற்கு முன் முக்கினால் பெண் களைத்துப்போவதுதான் மிச்சம். வயிற்றை அமுக்கிக் குழந்தையைத் தள்ளுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. துணைக்குப் போனவர் அதைச் செய்யவே கூடாது.

குழந்தை பிறந்ததும் எல்லாருடைய பார்வையும் குழந்தை பக்கம் திரும்பிவிடும். துணைக்குப் போனவர் அப்போதும் தாயின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குழந்தையைத் தாயின் நெஞ்சோடு ஒட்டி வைக்கவும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கவும் உதவ வேண்டும். துணி நனையும் அளவுக்கு ரத்தம் போனாலோ, அவர் மயக்கமாகப் பேசினாலோ முதலில் கவனித்து நர்ஸைக் கூப்பிடக்கூடியவர் பக்கத்தில் இருப்பவர்தான். வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கு "பையனா, பொண்ணா" என்று சொல்ல வேறு யாராவது போகட்டும்.